ஒரு ஈர்க்குக் கனம்

தாணு அண்ணன் வீட்டு வாசலில் அந்தப் பெட்டியை இறக்கியபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருசம் ஜூன், இடவப்பாதி மழை. கரமனையில் நாங்கள் குடியிருந்த லைனில் ஏழு வீடுகள். ஆற்றை ஒட்டிய கடைசி இரண்டில் ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது. பெட்டி ஷார்ஜாவில் இருந்து கார்கோவில் வந்தது. அதைத் தூக்கி வந்த இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பெட்டிமேல் மை பேனாவில் தாணு அண்ணன் பெயர், அதற்குக் கீழே என் பெயரும் என் போன் நம்பரும் எழுதியிருந்தன. லைனில் அப்போது என் வீட்டில் மட்டும்தான் போன் உண்டு.

"என்னவாக்கும் உள்ள? அம்மிக்கல்லா?" என்றார் தாணு அண்ணன்.

"பையப் பிரியுங்க. சாமானம் ஒடஞ்சிரப்பிடாது" என்றாள் அவர் மனைவி சுசீலாபாய் அக்கா. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கயிற்றை அறுத்தோம். முதலில் நாலு பழைய சட்டைகள். பிறகு கோடாலித் தைலம், பவுடர் டப்பா, சோப்பு. அதற்கும் அடியில், ஒவ்வொன்றும் கம்பளியில் சுற்றி, நாலு அலாய் வீல். வெள்ளி மாதிரி மினுங்கின. ஒவ்வொரு வீலிலும் ஐந்து கை, நட்சத்திரம் போல. நடு ஓட்டையில்கூட இடத்தை வீணாக்காமல் இரண்டிரண்டு சோப்பு திணித்து அனுப்பியிருந்தான் அவர்கள் மகன் விஜய்குமார்.

தாணு அண்ணன் எழுந்து, வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரீமியர் பத்மினி. நாங்கள் எல்லோரும் பியட் என்றுதான் சொல்வோம். பால்கலர். அதை வைத்துத்தான் தாணு அண்ணன் வாடகை ஓட்டம் போய்க் குடும்பம் நடத்தினார். நாகர்கோவில் பக்கம் தோவாளையில் இருந்து இருபது வயதில் இங்கே வந்தவர். ஓட்டம் கூப்பிட நிரந்தரமாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரி, கல்யாணம், ரயில்வே ஸ்டேஷன். காலையில் வண்டி எடுக்கும் முன்னால் வீலின் கிண்ண மூடியைக் கழற்றி, வீல் ஸ்பானரால் ஒவ்வொரு போல்டாகத் தட்டிக் கேட்பார். நாலு வீல், வீலுக்கு நாலு போல்ட், பதினாறு தட்டு. லூசாக இருந்தால் சத்தம் அடைத்துக் கேட்குமாம். எங்கள் வீட்டில் அலாரம் கிடையாது. அந்தப் பதினாறு தட்டில்தான் நாங்கள் எழுந்திருப்போம்.

கம்பெனி வைத்ததைத் தவிர வேறு ஒரு சாமானை அந்த வண்டியில் ஏற்ற மாட்டார். அதற்குக் காரணம் வித்துரா.

ஆறு வருசம் முன்னால் தாணு அண்ணனுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துவிட்டார். விஜய்குமாருக்கு அப்போது இருபத்தொன்று. அப்பா படுத்த சமயம் பார்த்து, வேறு ஏதோ வண்டியின் அகல வீல்களை எங்கிருந்தோ கொண்டுவந்து பியட்டில் மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வயசான டீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டம் போனான். வித்துரா சந்தை வளைவில் டயர் மட்கார்டில் உரசி வெடித்தது. வண்டி ஒரு வாழைக்குலைக் கடைக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. டீச்சரம்மாவின் மடியில் ஒரு குலை விழுந்ததோடு சரி. ஆனால் தாணு அண்ணன் மஞ்சள் கண்ணோடு பஸ் ஏறிப் போய், சந்தையில் அத்தனை பேருக்கும் முன்னால் அவனை அறைந்தார். "இனி என் வண்டியில நீ கை வெக்கப்பிடாது" என்றார்.

அவன் கை வைக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போதுகூட வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் வந்தான். மூன்று மாதத்தில் ஷார்ஜா போய்விட்டான். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு யார்டில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டுக்குப் போன் செய்வான், அக்கா வந்து பேசுவாள். "அப்பா சுகமா?" என்பான். அக்கா வீட்டுக்குப் போனதும் தாணு அண்ணன் கேட்பார், "அவன் சுகமா?" ஆறு வருசமும் இவ்வளவுதான் பேச்சு.

இப்போது முதல் லீவில் வருகிறான். அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன். அதற்கு முன்னால் இந்த வீல் வந்திருக்கிறது.

"வேற வண்டிக்க வீலு" என்றார் தாணு அண்ணன், ஒரு வீலைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

"நம்ம வண்டிக்குச் சேருண்ணு பாத்துதான் அனுப்பியிருப்பான்" என்றாள் அக்கா. "இத மாட்டிக்கிட்டு ஏர்போட்டுக்குப் போனா பிள்ள பாத்து சந்தோசப்படுவான்."

அவர் வீலைத் திரும்பக் கம்பளியில் சுற்றினார். ஆனால் சாயங்காலம் கிள்ளிப்பாலத்தில் லேத் வைத்திருக்கும் சத்தியநேசனைக் கூட்டி வந்தார். அதுவே எங்களுக்கு அதிசயம்.

சத்தியநேசன் மார்த்தாண்டத்துக்காரன். வாய் நிற்காது. வீலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். "யம்மோ! சாமானம் கொள்ளாம் கேட்டேளா. இது கம்பெனி வீலு இல்ல. அங்க ஒரு அறபி தனக்க கொரோலாவுக்கு வெளியில வாங்கிப் போட்டதாக்கும். தாணு அண்ணே, நாளைக்கு நீரு ஓட்டம் போனா கல்யாணப் பொண்ணு மாப்பிளய விட்டுட்டு உம்ம வண்டியத்தான் பாக்கும்."

"மாட்டுடே. கதை பிறவு."

ஜாக்கி வைத்து முன் வீலைக் கழற்றினான். அலாயைத் தூக்கி வைத்து மூன்று போல்டை ஏற்றினான். நாலாவது போல்ட் பாதியில் நின்றது. கழற்றி, திருப்பி வைத்து ஏற்றினான். மறுபடியும் மூன்று ஏறியது, ஒன்று சரிந்து நின்றது. அவன் பேச்சு நின்றுபோனது. பையில் இருந்து அளவுக்கோலை எடுத்து ஓட்டைக்கு ஓட்டை இரண்டு தடவை அளந்தான்.

"எதிரெதிர் ஓட்டைக்கு தொண்ணூத்தெட்டு மில்லி வேணும். இது நூறு."

"ரெண்டு மில்லிதானே?" என்றேன் நான்.

"இசக்கி அண்ணாச்சி, ஒங்க துணிக்கடையில ரெண்டு மில்லி ஒண்ணுமில்ல. இஞ்ச அது ஆளக் கொல்லும். பலம் பிடிச்சு முறுக்கினா ஏறும். ஏறி அம்பது நாளு ஓடவும் செய்யும். ஒரு நாளு போல்டு கழுத்து முறியும். வீலு முன்னால போவும், நம்ம பின்னால போவோம்."

தாணு அண்ணன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாழ்ந்த குரலில் பேசினார். "வீலு வேலைதான் செய்யுதான் அங்க. ஆறு வருசம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? அண்ணைக்கும் கேக்கல. இண்ணைக்கும் கேக்கல. அதே தப்பு." பிறகு பழைய வீலைத் தானே தூக்கி மாட்டினார். "இதக் கெட்டி பரண்ல போடு. வரட்டும். வந்து கொண்டு போவட்டும்."

அடுக்களையில் அக்கா தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக மறுபடி கேட்டது.

அந்த வாரம் முழுக்க மழை. ஆறு கலங்கி ஓடியது. நான் சாலை பஜாரில் துணிக்கடை வேலைக்குப் போய் வரும்போதெல்லாம் பார்ப்பேன், அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள், மிஷின் ஓடாது. லைனில் எல்லோருக்கும் பிளவுஸ் தைப்பவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் எடுத்தேன்.

"அண்ணாச்சி, மாட்டியாச்சா?"

எனக்குப் பொய் வரவில்லை. சொன்னேன். மூன்று போல்ட் ஏறினது, நாலாவது ஏறாதது, இரண்டு மில்லி, எல்லாம். 

"ஈர்க்கிலுக்கு சரியா இருந்துதே அண்ணாச்சி" என்றான்.

"எந்த ஈர்க்கிலு?"

அப்போதுதான் சொன்னான். ஷார்ஜாவில் அளந்து பார்க்க ஒரு பியட் கிடையாது. அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப வேண்டும் என்று ஆசை. அதனால் அம்மாவிடம் கடிதத்தில் அளவு கேட்டான். அவள் துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்கை உருவி, எதிரெதிர் போல்டுக்குப் போல்ட் அளந்து முறித்து, கடிதத்துக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆறேழு மாதம் யார்டு யார்டாக அலைந்திருக்கிறான். வருகிற வீலில் எல்லாம் அந்த ஈர்க்கை வைத்துப் பார்த்திருக்கிறான்.

"அளவுக்கோலு வெச்சுப் பாக்கல்லியா மக்கா?"

"பாத்தேன். ஈர்க்கிலு நூறு காட்டிச்சு, வீலும் நூறு காட்டிச்சு. அம்ம எடுத்த அளவில்லியா, பிறவு என்ன பாக்கதுண்ணு விட்டேன்." பிறகு சொன்னான், "அண்ணாச்சி, இது அம்மைக்க அளவுண்ணு அப்பாட்ட சொல்லாண்டாம். நான் தப்பா அளந்தேண்ணே இருக்கட்டு. எனக்கு ஏச்சு புதுசில்லியே. அம்ம தாங்க மாட்டா."

எங்கள் போனில் மறுபக்கத்துப் பேச்சு பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். நான் திரும்பினேன். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ரிசீவரைக் கொடுத்தேன்.

"சாப்பிட்டியா மக்கா?" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. அவன் சொன்னதையெல்லாம் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

பிறகு என்னிடம் சொன்னாள், "அண்ணாச்சி, கொஞ்சம் கூட வாங்க. ஒத்தைக்குச் சொல்ல பயமா இருக்கு."

தாணு அண்ணன் அப்போதுதான் ஓட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மத்திமீன் கறியும். என்னைப் பார்த்ததும், "வாரும் அண்ணாச்சி, இரியும். எட்டீ, அண்ணாச்சிக்கு ரெண்டு துண்டு வையி" என்றார்.

அக்கா வைக்கவில்லை. சுவர் ஓரம் நின்றாள். "அந்த அளவு நான் எடுத்ததாக்கும்."

"எந்த அளவு?"

"வீலுக்க அளவு. பிள்ள எடுக்கல்ல. நான் எடுத்து அனுப்பினது."

அவர் கை மரச்சீனியில் அப்படியே நின்றது.

"நீங்க ஒரு ஞாயிறாழ்ச்ச சாப்பிட்டுட்டு ஒறங்கினியள்லா, அப்ப போயி அந்தக் கிண்ண மூடியக் கழத்தி எடுத்தேன். இன்சு டேப்பு வெச்சா வளையுது. அதுவுமில்லாம எழுத்தில போனா தப்பிரும், சாமானமே போனா தப்பாதுண்ணு நெனச்சேன்." அவள் மூலைக்குப் போய்த் துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். வார்த்தையை விட கையால் சொல்வது அவளுக்கு எளிது. ஈர்க்கைக் காற்றில் பிடித்துக் காட்டினாள். "இந்த போல்டுக்க இந்த ஓரம், அந்த போல்டுக்க அதே ஓரம். சரியாத்தான் எடுத்தேன்."

"சரியா எடுத்தா பிறவு எப்பிடி ரெண்டு மில்லி கூடிச்சு?" என்றேன் நான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "முறிக்கும்போ ஒரு ஈர்க்கிலு கனம் கூட விட்டு முறிச்சேன்."

"எதுக்கு?"

"தையலுக்கு விடண்டாமா? எப்பமும் விடுவேன்லா. கூடினா பிடிச்சுக்கிடலாம். கொறஞ்சா என்ன செய்யியது? அங்கேருந்து அத்தற கஷ்டப்பட்டு அனுப்பி, இஞ்ச வந்து எறுக்கமாப் போச்சுண்ணா பிள்ளைக்கு சங்கடமா இருக்குமேண்ணு..."

 கூரையில் மழை. நான் கடையில் துணி கிழிக்கும்போது அளவுக்கு மேல் ரெண்டு விரல் தள்ளித்தான் கத்திரி வைப்பேன், இருபத்தைந்து வருசமாக. முதலாளி கத்துவார், கை கேட்காது. அதனால் நான் அக்காவின் பக்கம்தான்.

தாணு அண்ணன் நிமிர்ந்தார். "எட்டீ, நீ வண்டிக்கு பிளவுசா தைக்கிய?"

அக்கா அழத் தயாராக நின்றவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அவனுக்கு இது தெரியுமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"தெரியும். ஒங்ககிட்ட சொல்லாண்டாம்ணு சொன்னான். தன் தப்பாவே இருக்கட்டுண்ணான்."

"எங்கிட்ட ஏச்சு வாங்கவா?"

"ஆமா."

அவர் இலையில் இருந்த மிச்சத்தைச் சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டாக, நிதானமாக. கை கழுவிவிட்டு வந்து அக்காவின் கையில் இருந்த ஈர்க்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குடையை எடுத்தார். "அண்ணாச்சி, அந்தப் பெட்டிய இறக்கணும். ஒரு கை பிடியும்" என்றார்.

சத்தியநேசன் கடையில் அப்போது அரை மணிக்கூர் பவர்கட். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். தாணு அண்ணன் ஒரு வீலை அவன் முன்னால் உருட்டிவிட்டார்.

"இத மாட்ட வழியுண்டா, இல்லியா?"

"அண்ணைக்கே சொன்னேன்லா அண்ணே."

"முறுக்கி ஏத்தப்பிடாதுண்ணு சொன்ன. மாட்டவே முடியாதுண்ணு சொல்லல்ல."

சத்தியநேசன் விரலைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். "வழியுண்டு. வேல கூடுதல். நடு ஓட்ட பெருசா இருக்கு. அதுக்குள்ள ஒரு வளையம் கடைஞ்சு இறக்கினா வீலு அச்சில சென்டர் பிடிச்சு இருக்கும். பழைய லாரி பிஸ்டன் கெடக்கு, அதில எடுக்கலாம். பிறவு போல்டு. பதினாறும் புதுசு, இதவிட நீளம் வேணும். போல்டுக்க கழுத்தக் கடைஞ்சு மாத்தி, அங்க தனியா ஒரு வளையம். அது ஒரு மில்லி அங்கோட்டும் இங்கோட்டும் நீங்கும். முறுக்கும்போ தன் எடத்தத் தேடிப் போயி இருந்துகிடும். அப்பம் போல்டு சரியாது, ஓட்டையும் கெடாது."

"பதினாறு வளையமா?"

"பதினாறு. ஒண்ணு பெழச்சாலும் நான் மாட்ட மாட்டேன்."

"நானும் விட மாட்டேன்" என்றார் தாணு அண்ணன்.

அடுத்த நாலு நாளும் அவர் ஓட்டம் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் வண்டி ஒர்க்ஷாப்பில் என்று சொன்னார். அது பாதி உண்மை. அவர்தான் ஒர்க்ஷாப்பில் இருந்தார். நான் கடை விட்டு வரும் வழியில் தினமும் எட்டிப் பார்ப்பேன். லேத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பிஸ்டனில் இருந்து அலுமினியம் சுருள் சுருளாக உரிந்து அவர் காலடியில் விழும். சோப்புத்தண்ணி தெறித்துச் சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடைந்து முடிந்த ஒவ்வொரு வளையத்தையும் வாங்கி விரலில் போட்டுச் சுற்றிப் பார்ப்பார்.

"என்ன அண்ணே, நிச்சயதார்த்தமா?" என்பான் சத்தியநேசன். "கம்பெனி சாமானத்தில ஒரு வாசர் மாத்தினதுக்கு எங்கிட்ட ஆறு மாசம் பேசாம இருந்தீரே, நினைவுண்டா? இப்போ?"

"வாய மூடிட்டுக் கடை."

ஏழாவது போல்ட் வளையம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. சத்தியநேசன் சாரமில்லை, பரவாயில்லை என்றான். தாணு அண்ணன் அதை எடுத்து ஜன்னல் வழியே மழைக்குள் வீசினார். அவன் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஒன்று கடைந்தான்.

மூன்றாம் நாள் அக்கா தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். ஒரு போல்டைக் கையில் எடுத்து, கழுத்தில் அந்த வளையம் அசைவதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இது என்ன, தையலுக்கு விட்டது மாதிரியில்லா இருக்கு?"

"ஆமாக்கா" என்றான் சத்தியநேசன். "நீங்க விட்டத நான் பிடிக்கேன்."

புதன்கிழமை மத்தியானம் நாலு வீலும் மாட்டியாகிவிட்டது. பழைய பால்கலர் வண்டிக்கு அந்த நட்சத்திரம் கொஞ்சம் அதிகம்தான். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, மட்கார்டில் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். பின்சீட்டில் என்னையும் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்தும் பார்த்தார்கள். உரசவில்லை. கடைசியாக சத்தியநேசன் சொன்னான், "அண்ணே, முதல் நூறு கிலோமீட்டருக்குள்ள ஒருக்க முறுக்கணும். புது வளையம் கொஞ்சம் அமரும். மறக்கப்பிடாது."

வியாழக்கிழமை காலையில் நான் தட்டுச் சத்தம் கேட்டு எழுந்தேன். சத்தம் வேறு மாதிரி இருந்தது, கொஞ்சம் மணி போல. இன்னும் சரியாக விடியவில்லை. விமானம் பதினொன்றரைக்குத்தான். இவர் எங்கே கிளம்புகிறார் என்று பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது. ஒன்பது மணிக்குத்தான் திரும்பி வந்தார். மட்கார்டெல்லாம் செம்மண். அக்கா "எங்க போனியோ?" என்று நாலு தடவை கேட்டாள். "சும்மா" என்றார். வண்டியைக் கழுவினார், குளித்தார், வெள்ளை வேட்டி கட்டினார்.

பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏர்போர்ட்டில் மழை நின்று வெயில் அடித்தது. நானும் அக்காவும் கம்பி ஓரம் போய் நின்றோம். தாணு அண்ணன் வரவில்லை. வண்டியில் சாய்ந்துகொண்டு தூரத்தில் நின்றார்.

விஜய்குமார் தள்ளுவண்டியோடு வெளியே வந்தான். மெலிந்துபோயிருந்தான். நெற்றியோரம் கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. அக்கா அவன் முகத்தை, கழுத்தை, கையைத் தடவினாள், துணி வாங்கும்போது நூல் பார்ப்பது போல. அவன் "அம்மா... அம்மா... ஆளுவ பாக்குது" என்றான். வண்டி பக்கம் நடந்தோம். பத்தடி தூரத்தில் அவன் நின்றுவிட்டான்.

வீலைப் பார்த்தான். பிறகு பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போய் முன் வீல் பக்கத்தில் குத்தவைத்தான். நட்சத்திரத்தின் நடுவில் விரலை விட்டு உள்ளே இருந்த வளையத்தைத் தடவினான். பிறகு ஒரு போல்டின் கழுத்தைத் தடவினான். அவன் இதே வேலை செய்கிறவன், அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பதினாறும் கடைஞ்சதா?" என்றான். யாரிடம் கேட்டான் என்று சொல்ல முடியாது. வீலைப் பார்த்துத்தான் கேட்டான்.

"பதினேழு" என்றார் தாணு அண்ணன். "ஒண்ண வீசியாச்சு."

அவன் எழுந்திருக்கவில்லை. கையைப் போல்டிலேயே வைத்திருந்தான். "ஓட்டிப் பாத்தியளா?"

"காலம்பற வித்துரா வரைக்கும் போயிட்டு வந்தேன்."

எனக்கு அப்போதுதான் செம்மண் புரிந்தது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சந்தை வளைவில நல்லா ஒடிச்சுப் பாத்தேன்" என்றார் அவர், ஆஸ்பத்திரி ஓட்டத்தைப் பற்றிச் சொல்வது போல. "உரசல்ல. அந்த வாழைக்குலைக் கடைக்காரன் இப்பவும் இருக்கான்." டிக்கியைத் திறந்தார். வீல் ஸ்பானரை எடுத்து அவனிடம் நீட்டினார். "எண்பது கிலோமீட்டரு ஆச்சு. நூறுக்குள்ள ஒருக்க முறுக்கணும்ணு சத்தியநேசன் சொன்னான். நான் முறுக்கல்ல. நீ முறுக்கு."

விஜய்குமார் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை வாங்கினான். புது பேண்டோடு மழைத்தண்ணி தேங்கிய தரையில் முழங்கால் ஊன்றினான்.

"மக்கா, பேண்டு..." என்றாள் அக்கா.

"விடுட்டி" என்றார் தாணு அண்ணன்.

எதிரெதிராக முறுக்கினான், முதலில் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில். வீல் வீலாக நகர்ந்தான். பின்னால் ஒரு டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்து, "சேட்டா, வண்டி மாற்றிக்கே!" என்று கத்தினான். நான் போய் அவனிடம் கையைக் கூப்பினேன். முறுக்கி முடித்த பிறகு யாரும் சொல்லாமலே ஸ்பானரைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு போல்டாகத் தட்டினான். தாணு அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். பதினாறு தட்டு.

"எடது பின்னால, ரெண்டாவது ஒருக்கக் கூடத் தட்டு" என்றார்.

தட்டினான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.

"சரி."

விஜய்குமார் ஸ்பானரைத் துடைத்து டிக்கியில் வைத்துவிட்டு, ஏறுவதற்குப் பின்கதவைத் திறந்தான். தாணு அண்ணன் அதற்குள் முன்பக்கம் இடதுபுறக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். சாவி ஸ்டியரிங்கின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் அவன் நாற்பதைத் தாண்டவில்லை. அந்த சீட்டில் அவர் அதுவரை உட்கார்ந்ததே கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், கதவில் வைத்தார். ஒவ்வொரு வளைவு வரும்போதும் பிரேக்கே இல்லாத தரையில் அவருடைய வலது கால் ஒரு மிதி மிதித்தது. பின்னால் அக்கா அதைப் பார்த்து என் கையை இடித்தாள். நாங்கள் கரமனை வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தோம்.